செர்ரி இருக்கு, சர்க்கரை இருக்கு, லாம்பிக் எங்கே?

பெங்களூருவில் இறக்குமதி சரக்கு வைத்திருக்கும் பெரிய ஒயின் ஷாப் சிலவற்றில் இனிப்பான பெல்ஜியச் செர்ரி பீர் கிடைக்கும். 250 மில்லி பாட்டில், ஆல்கஹால் 4 சதவீதத்துக்கும் கீழே. லேபிளில் ‘கிரீக்’ (செர்ரி ஊறவைத்த பீர்), ‘லாம்பிக்’ (ஈஸ்ட் போடாமல் தானாகப் புளிக்கவிடும் பீர்) என்று இரண்டு கனமான பெயர்கள். விலை, உள்ளூர் லாகர் சில பாட்டில்கள் வாங்கும் அளவுக்கு. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். குறை ஒரு பாட்டிலோடு முடிவதில்லை.

கிளாஸில் ஊற்றினால் கண்ணுக்குக் குறை சொல்ல முடியாது. நல்ல சிவப்பு, மேலே ரோஜா நிற நுரை. மூக்கருகே கொண்டுபோனால் செர்ரி ஜாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு முதல் மடக்கு குடித்தால் ‘பரவாயில்லையே’ என்றுகூடத் தோன்றும், ஏனென்றால் குளிர்ச்சி இனிப்பை அமுக்கி வைக்கும். பத்து நிமிடம் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை நாக்கில் பசையாகப் படியும், புளிப்பு எங்கோ பின்னால் லேசாகக் கேட்கும், விழுங்கிய பிறகு ஒரு செயற்கைக் கசப்பு தங்கும். பாதி கிளாஸுக்கு மேல் உள்ளே இறங்காது.

அமிலம் இல்லாமல் இல்லை. இருப்பதைச் சர்க்கரை மூடிவிட்டது. அந்தச் சர்க்கரை எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

லாம்பிக் என்பது பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே உள்ள பையோட்டன்லாண்ட் பகுதியிலும் வடிக்கும் பீர். பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமை 30 சதவீதமாவது சேரும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைப் பழசாக்கித்தான் போடுவார்கள். கசப்பு தேவையில்லை, கெடாமல் காப்பதுதான் அதன் வேலை. கொதித்த சாற்றைத் திறந்த, ஆழமில்லாத பெரிய தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கள்ளுக்கு நாம் ஈஸ்ட் போடாதது மாதிரியேதான், காற்றிலும் பாத்திரத்திலும் இருப்பது பார்த்துக்கொள்ளும். கோடையில் வேண்டாத கிருமிகள் ஏறிவிடும் என்பதால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் வடிப்பு.

பிறகு ஓக் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். முதலில் சாதாரண ஈஸ்ட், அடுத்து பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைக் கொண்டுவரும், கடைசியில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட். சாதாரண ஈஸ்ட் தொடாத நீண்ட சர்க்கரைகளைக்கூட இந்தக் கடைசி ஆள் மாதக்கணக்கில் தின்று தீர்த்துவிடும். கிரீக் என்றால் இதில் செர்ரியைக் கொட்டி ஊறவைப்பது. பழைய முறையில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம். பழத்தின் சர்க்கரையும் புளித்துப்போகும். மிச்சமிருப்பது பழத்தின் மணம், புளிப்பு, கொட்டையிலிருந்து வரும் லேசான பாதாம் வாசனை, கொஞ்சம் துவர்ப்பு. பழ பீர் என்றால் இனிக்கும் என்ற கணக்கு அங்கே செல்லாது.

ஆகவே கிரீக் பாகுபோல இனித்தால், அந்த இனிப்பு பின்னால் சேர்த்தது. வயது குறைந்த லாம்பிக்கில் செர்ரிச் சாறும் சர்க்கரையும் கலந்து, வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றுவிடுகிறார்கள். கொல்லாவிட்டால் பாட்டிலுக்குள் திரும்பப் புளித்து மூடி பறக்கும். பீப்பாயில் வருடக்கணக்கில் பணம் முடங்குவதில்லை, விற்பனையும் சுலபம். வியாபாரக் கணக்கு புரிகிறது, ருசிக் கணக்குதான் உதைக்கிறது.

இனிப்பே பாவம் என்று சொல்லவில்லை. லாம்பிக்கில் பழுப்புச் சர்க்கரை சேர்த்த ஃபாரோ பழைய வகைதான். பிரஸ்ஸல்ஸ் கடைகளில் சர்க்கரைக் கட்டி கொடுத்து, கிளாஸிலேயே நசுக்கிக் கலந்துகொள்ளச் சொல்லும் வழக்கமும் இருந்தது. ஆனால் அங்கே இனிப்பின் அளவு குடிப்பவர் கையில் இருந்தது.

வாங்கும் முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பொருட்பட்டியலில் சர்க்கரை, மணமூட்டி, அல்லது 950, 954, 960 என்ற எண்கள் இருந்தால் (அசிசல்ஃபேம், சாக்கரின், ஸ்டீவியா வகை இனிப்பூட்டிகள்) வைத்துவிடலாம். பெயருக்கு முன்னால் ஓ, யூ, டி, ஈ என்ற நான்கு எழுத்துச் சொல் (‘ஔட’, அதாவது ‘பழைய’) இருந்தால் நல்ல அடையாளம். ‘ஔட குஸ’ (இளசும் பழசுமான லாம்பிக்குகளின் கலவை), ‘ஔட கிரீக்’ என்ற பெயர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாரம்பரியத் தயாரிப்புக்கான பாதுகாப்பு உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது: கடைசி ஈ இல்லாமல் ‘ஔட் ப்ரௌன்’ என்று வருவது வேறு வகை, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிப் பழுப்பு பீர். இனிப்பு சேர்க்கவில்லை என்பதற்கு அந்தப் பெயர் எந்த உத்தரவாதமும் தராது. பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டல் தெரிந்தால் நல்லது. தக்கை மட்டும் போதாது, இனிப்புச் சரக்குக்கும் தக்கை அடிக்கிறார்கள். இறக்குமதியாளர் ஸ்டிக்கரில் மாதத்தைப் பாருங்கள். சூடாக்கிய பீர் ஷெல்ஃபில் நாளாக நாளாகச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், ஈர அட்டை வாசனை வரும். ‘வைத்திருந்தால் புளிப்பு ஏறும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே உயிரோடு எதுவும் இல்லை.

புளிப்புதான் வேண்டுமென்றால் ஊரிலுள்ள மைக்ரோப்ரூவரிகளில் கெட்டில் சவர் ஓடுகிறதா என்று கேளுங்கள். லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவைப் போட்டு ஓரிரு நாளில் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவிட்டு ஈஸ்ட் சேர்ப்பது. லாம்பிக்கின் பழைய மர வாசனை அதில் வராது. ஆனால் புளிப்பு நேர்மையாக இருக்கும், நெத்திலி வறுவலுக்கும் ஈரல் வறுவலுக்கும் கச்சிதம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: 250 மில்லிக்கு 80 மில்லி ஜில் சோடா, அரை மூடி எலுமிச்சை. எலுமிச்சையின் சிட்ரிக் புளிப்பு லாக்டிக் புளிப்புபோல உருண்டையாக இருக்காது, கூர்மையாகக் குத்தும். இருந்தாலும் பசை குறையும். மிளகாய்க் காரத்தோடு வேண்டாம், இனிப்பும் காரமும் சேர்ந்து வாயை மந்தமாக்கும். 70 சதவீத டார்க் சாக்லேட் ஒத்துப்போகும். குலாப் ஜாமூன் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.