ஊசியா, சீவலா, முழுக் கட்டியா? மயிர்க்கால் கட்டிக்குப் பெயர் கிடைக்கும் மூன்று வழிகள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி என் மேசைக்கு வந்த பாட்டில் அது. உள்ளே, திசு கெடாமல் காக்கும் பார்மலினில் வெங்காயச் சருகு கனத்துக்கு ஒரு தோல் சீவல் மிதந்தது. கூட வந்த சீட்டில் "பெண், 32, முகத்தில் கட்டி" என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறது, ஒன்றா பலவா, வளர்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை.

சேலத்தில் ஒரு சின்ன லேபில் பேதாலஜி, அதாவது திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்லும் வேலை, பார்க்கிற எனக்கு இப்படிப்பட்ட பாட்டில்கள் புதிதல்ல. நம்ம ஊரில் தோலுக்கடியில் எது உருண்டாலும் "கொழுப்புக் கட்டி"தான். அதில் ஒரு கூட்டம் கொழுப்பே இல்லை, மயிர்க்காலிலிருந்து முளைத்தவை. மயிர்க்காலுக்கு அடியில் முடியை உற்பத்தி செய்கிற குமிழ் இருக்கிறது, அதன் மேல் உட்புற உறை, வெளிப்புற உறை, கடைசியாகத் தோலில் திறக்கிற வாய். ஒவ்வொரு கட்டியும் இவற்றில் ஏதோ ஒரு பகுதியைக் காப்பியடிக்கிறது. எதைக் காப்பியடிக்கிறது என்று கண்டுபிடித்தால் பெயர் வந்துவிடும். பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனால் சில, புற்றுநோயின் சாயலிலேயே இருக்கும். அங்கேதான் மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பது பெரிய விஷயமாகிறது.

முதலில் ஊசி டெஸ்ட், மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. தையல் கிடையாது, செலவு குறைவு, சாயங்காலமே ரிசல்ட். குழந்தைக்கு என்றால் பெற்றோர் இதைத்தான் கேட்பார்கள். ஒன்பது வயதுப் பையன், புருவத்துக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் கல் மாதிரி ஒரு கட்டி என்று வைத்துக்கொள்வோம். பைலோமேட்ரிகோமா என்ற ஆபத்தில்லாத மயிர்க்கால் கட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1880இல் மல்ஹெர்பும் செனான்டேயும் இதை விவரித்தபோது எண்ணெய்ச் சுரப்பியில் வருவதாக நினைத்தார்கள். 1961இல்தான் ஃபோர்பிஸ், ஹெல்விக் இருவரும் இது மயிர்க் குமிழின் வேலை என்று காட்டிப் பெயரை மாற்றினார்கள். 

இந்தக் கட்டியில் இரண்டு வகை செல்கள். ஓரத்தில் சின்னதாக, கருநீலமாக, நெருக்கியடித்து நிற்பவை ஒன்று. உள்ளே போகப் போக அவை வெளுத்து இளஞ்சிவப்பாகி, நியூக்ளியஸ் இருந்த இடம் மட்டும் வெறுமையாகத் தெரியும். ஆள் காலி செய்த வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருந்த இடம் தனியாகத் தெரியுமே, அப்படி. இவற்றுக்கு நிழல் செல் என்று பெயர். ஊசியில் நிழல் செல்லும் சேர்ந்து வந்தால் ரிப்போர்ட் சுலபம். கருநீலச் செல்கள் மட்டும் வந்தால்? குழந்தையிடம் அப்படி ஒரு ஸ்லைடைப் பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். கொடிய புற்றுநோய்கள் சிலவும் அச்சாக இப்படித்தான் இருக்கும்.

பட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நானே அப்படி ஒன்றுக்கு "சந்தேகத்துக்குரியது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முழுக் கட்டியும் கைக்கு வந்தபோது கத்தி வைத்ததுமே தெரிந்துவிட்டது. சாக்பீஸை அறுக்கிற மாதிரி கரகரவென்று சத்தம், வெட்டிய முகத்தில் சுண்ணாம்பு. அமிலத்தில் ஊறவைத்து இளக்கிய பிறகே மெழுகில் பதித்துச் சீவ முடிந்தது. ஸ்லைடில் கருநீலம் ஓரம், நடுவில் நிழல் செல், சுற்றிலும் அவற்றைத் தின்ன வந்த ராட்சத செல்கள். ஊசியில் தெரியாதது, முழுசாகப் பார்த்ததும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

தலையில் வரும் நீர்க்கட்டி மாதிரியானவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். சர்ஜன்கள் இன்னமும் "செபேசியஸ் சிஸ்ட்" (எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி) என்றே எழுதுகிறார்கள், உள்ளே எண்ணெய் கிடையாது, முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதம்தான். வெளி உறையைக் காப்பியடிக்கும் ட்ரைக்கிலெம்மல் சிஸ்ட்டில் சுவரின் செல்கள் உப்பிக்கொண்டே வந்து, துகள் அடுக்கு (துகள் நிறைந்த செல் வரிசை) எதுவும் இல்லாமல் சட்டென்று கெரட்டினாகிவிடும். உள்ளடக்கம் பால்கோவா மாதிரி ஒரே இறுக்கம். பத்தில் ஒன்பது தலையிலேயே வரும், குடும்பத்தில் அப்பா, அத்தை என்று இன்னும் சிலருக்கும் இருக்கும். எபிடெர்மல் சிஸ்ட்டில் துகள் அடுக்கு உண்டு, உள்ளே கெரட்டின் ஏடு ஏடாகக் கிடக்கும், மேலே ஒரு கரும்புள்ளி வாய். இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் நோயாளிக்கு நஷ்டமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. வயதான பெண்களுக்குத் தலையில் சாத்துக்குடி அளவுக்கு வளரும் ப்ரோலிஃபரேட்டிங் ட்ரைக்கிலெம்மல் ட்யூமர் என்று ஒன்று உண்டு. அதன் நடுவிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி அனுப்பினால் ஸ்குவாமஸ் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் போலவே தெரியும். விளிம்பு வழவழவென்று வரம்புகட்டி இருக்கிறதா, அக்கம்பக்கத்துக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க முழுசும் வேண்டும்.

சரி, முகத்துக்கு வருவோம். உண்மையான போட்டி இங்கேதான். ட்ரைக்கோஎபித்தீலியோமா என்ற ஆபத்தில்லாத மயிர்க்கால் கட்டி ஒரு பக்கம், பேசல் செல் கார்சினோமா மறுபக்கம். முன்னது மூக்கைச் சுற்றியும் மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பிலும் தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன பருக்களாக வரும். சி.ஒய்.எல்.டி. ஜீனில் பழுதுள்ள குடும்பங்களில் பாட்டி, அம்மா, மகள் என்று வரிசையாக இருக்கும், வயசுக்கு வரும் காலத்திலேயே தொடங்கிவிடும். பின்னது புற்றுநோய், பெரும்பாலும் வயதானவர்களுக்கு, வெயில் படும் இடத்தில். நம் மாநிறத் தோலில் அது கறுப்பாகவே வருவது அதிகம் என்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஸ்லைடில் இரண்டும் அண்ணன் தம்பி. கருநீலச் செல்கள் தீவு தீவாக, ஒவ்வொரு தீவின் ஓரத்திலும் வேலிக்கால் நட்ட மாதிரி வரிசை. நான் முதலில் பார்ப்பது விரிசல் எங்கே விழுந்திருக்கிறது என்பதை. பேசல் செல் கார்சினோமாவில் தீவுக்கும் அதைச் சுற்றிய சதைக்கும் நடுவில் விழும், காய்ந்த நிலக்கடலையை ஆட்டினால் ஓட்டுக்குள் பருப்பு ஆடுகிற மாதிரி. ட்ரைக்கோஎபித்தீலியோமாவில் நார்த்திசு தீவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், விரிசல் அதற்கும் வெளியே விழும். மாங்கொட்டையை விட்டு நார் பிரிகிறதா என்ன? அப்புறம், கட்டி முடி முளைக்க வைக்கப் பார்த்துப் பாதியில் விட்ட அடையாளமாக, மயிர்க் குமிழின் அடிப்பகுதி போன்ற சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவா என்று தேடுவேன். அது கிடைத்தால் நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம். கெரட்டின் நிறைந்த ஜவ்வரிசி போன்ற உருண்டைகளும் இதற்குச் சாதகம்தான், ஆனால் அவை சில பேசல் செல் கார்சினோமாவிலும் வருவதால் அதை மட்டும் நம்பமாட்டேன். செத்த செல்களும் பிரிகிற செல்களும் நிறைய, சளி போன்ற பொருள், மேல்தோலில் புண் எல்லாம் எதிர்க்கட்சி, பேசல் செல் கார்சினோமாவின் பக்கம்.

இதில் சீவல் எங்கே தோற்கிறது என்றால், அது மேல்மாடியை மட்டும் காட்டும். ஏற்காட்டுப் பாட்டிலில் எனக்குத் தெரிந்தவை மெல்லிய செல் கயிறுகள், இரண்டு மூன்று கெரட்டின் உருண்டை, சுற்றிலும் இறுகிய நார். இதற்கு மூன்று பேர் உரிமை கொண்டாடலாம். ஆபத்தில்லாத டெஸ்மோபிளாஸ்டிக் (நார் இறுகிய) ட்ரைக்கோஎபித்தீலியோமா, தழும்பு போல் பரவும் பேசல் செல் கார்சினோமா, மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற இன்னொரு புற்றுநோய். மூன்றாவது ஆழத்தில் இறங்கி நரம்பைச் சுற்றும். ஆழமே இல்லாத துண்டில் அதை எப்படி இல்லை என்று சொல்வது? "இந்த ஆழத்தில் பெயர் சொல்ல முடியாது" என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பெண்ணே போன் செய்தார். "ஏனுங்க டாக்டர், மறுபடியும் வெட்டோணுங்களா?" கோபம் நியாயமானதுதான்.

மறுபடி வந்தது 4 மில்லிமீட்டர் பஞ்ச், வட்டக் கத்தியால் அடிக் கொழுப்புவரை குடைந்தெடுத்த துண்டு. இந்த முறை சீட்டில் மூன்று வரி இருந்தது: இடது கன்னம், மோதிரம் போல வட்டம், நடுவில் குழி, ஐந்து வருஷமாக அதே அளவு. டெஸ்மோபிளாஸ்டிக் வகைக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. கயிறுகள் நடுத்தோலோடு நின்றுவிட்டன, நரம்பின் பக்கம் எதுவும் போகவில்லை.

செல்லில் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஐ.ஹெச்.சி. சாயம் போட்டிருந்தால் முதல் சீவலிலேயே முடிந்திருக்குமே என்று சக மருத்துவர் ஒருவர் கேட்டார். எங்கள் லேபில் அது கிடையாது, திசு பதித்த மெழுகு பிளாக்கைக் கூரியரில் வெளியூருக்கு அனுப்ப வேண்டும், செலவு சாதாரண சாயத்தைப் போலப் பல மடங்கு. சிகே20 சாயத்தில் மெர்கெல் செல்கள் (தொடு உணர்வுக்கான தோல் செல்கள்) அங்கங்கே புள்ளி வைத்தது போலத் தெரிந்தால் ட்ரைக்கோஎபித்தீலியோமா பக்கம் சாயலாம், பேசல் செல் கார்சினோமாவில் அவை அபூர்வம். ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் நேர்மாறு, பல பேசல் செல் கார்சினோமாக்களில் பிடிக்கும். சிடி10 ட்ரைக்கோஎபித்தீலியோமாவில் சுற்றுச் சதையில் பிடிக்கும், பேசல் செல் கார்சினோமாவில் கட்டிச் செல்களில். பெர்-ஈபி4 இரண்டிலும் வருவதால் இந்த வழக்கில் காசுக்குக் கேடு. இவை உதவும்தான், இந்தப் பெண்ணுக்கும் பிறகு சிகே20 போட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் எந்தச் சாயமும் கண்ணாடியில் இல்லாத ஆழத்தைக் காட்டாது. ஆழமான துண்டும் வழக்கமான நீலம்-சிவப்புச் சாயமும் ஒரு பக்கம், மேலோட்டமான சீவலும் நாலு விலையுயர்ந்த சாயமும் மறுபக்கம் என்றால் நான் முதலாவதையே எடுத்துக்கொள்வேன்.

இன்னும் இரண்டு மயிர்க்கால் கட்டிகளைச் சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து வெள்ளை நூல் கற்றையாக மெல்லிய முடி எட்டிப் பார்க்கும் பரு ட்ரைக்கோஃபோலிக்குலோமா, ஸ்லைடுக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும். சர்க்கரைச் சத்து நிறைந்த வெளிறிய செல்களும் தடித்த அடிச்சவ்வும் இருந்தால் ட்ரைக்கிலெம்மோமா. முகத்தில் அது பல இருந்தால் கட்டியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும், பி.டென் ஜீன் பழுதான கௌடன் நோயில் மார்பகம், தைராய்டு புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகம்.

அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 10 சதவீத பார்மலின், கட்டியின் அளவைப் போலப் பத்து மடங்கு, அகல வாய் பாட்டில். உப்புநீர் வேண்டாம். காலியான ஊசி மருந்துக் குப்பியும் வேண்டாம். மெத்தென்று இருக்கும்போது உள்ளே அமுக்கித் திணித்துவிடுகிறார்கள், வழியில் பார்மலினில் இறுகிக்கொள்கிறது, அப்புறம் வெளியே வராது. போன மாதம்கூட ஒரு குப்பியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துத்தான் கட்டியை எடுத்தேன்.