எபி சூட்டின் ஆவியழுத்தக் கணிப்பு: கொதிநிலை வரியைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்

ஒரு கரைப்பானோ இடைநிலைச் சேர்மமோ தொழிலாளியின் மூச்சில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தால், முதலில் கேட்கப்படும் எண்களில் ஒன்று ஆவியழுத்தம், அதாவது அந்தப் பொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு. அளந்து எடுப்பதே நல்லது. அதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 104ஆம் சோதனை நெறி இருக்கிறது. ஆனால் சுத்தமான மாதிரி வேண்டும், செலவு செய்ய வேண்டும். ஆவியழுத்தம் மிகக் குறைந்த பொருளென்றால் வாயு நிறைவு, எஃப்யூஷன் போன்ற நுட்பமான அளவீட்டு முறைகள் தெரிந்த ஆய்வகமும் வேண்டும். அதனால் பலரும் முதலில் திறப்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) இலவச மென்பொருளான எபி சூட். அதற்குள் இருக்கும் எம்.பி.பி.பி.வின் என்ற பகுதிதான் உருகுநிலை, கொதிநிலை, ஆவியழுத்தம் மூன்றையும் கணிக்கிறது. இந்த விமர்சனம் விண்டோஸ் கணினியில் ஓடும் 4.11 பதிப்பைப் பற்றியது.

பயன்படுத்துவது எளிது. சேர்மத்தின் அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணையோ, மூலக்கூறின் அமைப்பை எழுத்து வரிசையாகக் காட்டும் ஸ்மைல்ஸ் குறியீட்டையோ கொடுத்தால் சில நொடிகளில் அறிக்கை வந்துவிடும். நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஒரே கோப்பில் போட்டு ஓட்டும் வசதியும் உண்டு. இந்த எளிமைதான் ஆபத்தும். அறிக்கையின் கடைசியில் "தேர்ந்தெடுத்த ஆவியழுத்தம்" என்று ஒரு எண் நிற்கும். அவசரத்தில் அதை மட்டும் படியெடுத்து மதிப்பீட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அதே அறிக்கை நாலு வரி மேலேயே சொல்லியிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். ஆன்டுவான், திருத்திய கிரெய்ன், மெக்கே என்று மூன்று முறைகளில் ஆவியழுத்தம் கணிக்கப்படுகிறது. திரவத்துக்கும் வாயுவுக்கும் முதல் இரண்டின் சராசரியும், திடப்பொருளுக்குத் திருத்திய கிரெய்ன் மதிப்பும் பரிந்துரையாக வரும். மூன்று முறைக்கும் அடிப்படை ஒன்றே: இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் கொதிநிலை. அது பிசகினால் மூன்றும் சேர்ந்தே பிசகும். மூன்று எண்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன என்பதை நம்பிக்கைக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டொலுவீன் என்ற கரைப்பானை எடுத்துப் பார்க்கலாம். கொதிநிலையை இந்த மென்பொருள் ஸ்டீன்–பிரவுன் முறையில், மூலக்கூறை உறுப்புத் துண்டுகளாகப் பிரித்துக் கூட்டிப் போடுகிறது. அடிப்படை 198.2, ஒரு மெத்திலுக்கு 21.98, வளையத்தில் ஹைட்ரஜன் தாங்கிய ஐந்து கார்பன்களுக்குத் தலா 28.53, மெத்தில் ஒட்டிய கார்பனுக்கு 30.76. கூட்டினால் 393.6. திருத்தச் சமன்பாடு இன்னொரு 5.3 சேர்க்க, 398.9 கெல்வின், அதாவது சுமார் 125.7 டிகிரி செல்சியஸ். டொலுவீனின் உண்மையான கொதிநிலை 110.6 டிகிரி. பதினைந்து டிகிரி வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆன்டுவான் முறையைக் கையால் போட்டுப் பாருங்கள்: 110.6 கொடுத்தால் 25 டிகிரியில் சுமார் 4050 பாஸ்கல் வருகிறது, 125.7 கொடுத்தால் சுமார் 2180. அளந்த மதிப்பு ஏறக்குறைய 3790. சரியான கொதிநிலையோடு கணிப்பு அளவீட்டை ஒட்டி நிற்கிறது. கணித்த கொதிநிலையோடு பாதியாகச் சரிகிறது.

கனமான மூலக்கூறுகளில் இது இன்னும் மோசம். ஸ்டீன்–பிரவுன் முறையைப் புதிய சேர்மங்களில் சோதித்தபோது சராசரிப் பிழை சுமார் 20 கெல்வின். 350 டிகிரியில் கொதிக்கும் ஒரு ஹைட்ரோகார்பனுக்கு அதே ஆன்டுவான் கணக்கு 0.021 பாஸ்கல் தருகிறது. 370 என்று போட்டால் 0.0057. மூன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு. தொழிலிட வெளிப்பாட்டுக்குப் பலர் பயன்படுத்தும் எக்கெடாக் டி.ஆர்.ஏ. கருவியில் மிகக் குறைந்த ஆவியாதல் என்ற வகுப்பின் எல்லை 0.01 பாஸ்கல். அந்த எல்லை சரியாக இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுகிறது. முறையின் சராசரிப் பிழையே ஒரு பொருளை ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் என்றால், எல்லைக்குப் பக்கத்தில் வரும் எந்த எண்ணையும் அப்படியே ஏற்க முடியாது.

அதனால்தான் அறிக்கையில் ஆவியழுத்தப் பகுதியின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் வரும் அந்தச் சிறிய வரி முக்கியம். எந்தக் கொதிநிலை, எந்த உருகுநிலை எடுக்கப்பட்டது. அது கணித்ததா, உள்தரவில் இருந்த அளவீடா, நாம் கொடுத்ததா என்று அங்கேதான் எழுதியிருக்கும். கணித்தது என்று இருந்தால் நிறுத்துங்கள். நம்பகமான கொதிநிலையைத் தேடி எடுத்து, உள்ளீட்டுப் பெட்டியில் நீங்களே கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

கொடுக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. விற்பனையாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளில் "160 டிகிரி, 12 மி.மீ. பாதரசத்தில்" என்று இருக்கும். வெற்றிட வடிப்பில் எடுத்த எண் அது. 160ஐ மட்டும் பார்த்துத் தட்டிவிட்டால், மிகக் கனமான ஒரு பொருள், எளிதில் ஆவியாகும் கரைப்பானான சைலீனுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். இயல்பு அழுத்தத்துக்கு மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும். கொதிக்கும் முன்பே சிதையும் பொருளுக்கு இந்தப் பெட்டியில் போட அளந்த எண்ணே கிடைக்காது. அதைக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுவது நேர்மை.

உருகுநிலைக்கும் இதே கவனம் வேண்டும், ஏனென்றால் திடப்பொருளின் ஆவியழுத்தம் அதன் மீக்குளிர் திரவ நிலையின் (உருகுநிலைக்குக் கீழும் உறையாமல் இருக்கும் திரவம்) ஆவியழுத்தத்தைவிடக் குறைவு. நாஃப்தலீன் 80 டிகிரியில் உருகுகிறது. அறை வெப்பத்தில் திடத்துக்கும் மீக்குளிர் திரவத்துக்கும் இடையே சுமார் 3.5 மடங்கு. உண்மையில் திரவமான ஒரு பொருளுக்கு மென்பொருள் 90 டிகிரி உருகுநிலை கணித்துவிட்டால், காரணமே இல்லாமல் ஆவியழுத்தம் நான்கு மடங்குக்கு மேல் குறைந்து வரும். குப்பியைக் கண்ணால் பார்த்தாலே பிடிபடும் பிழை இது. ஆனால் கணினி முன் இருப்பவர் குப்பியைப் பார்ப்பதில்லை.

ஹைட்ரஜன் பிணைப்பு நிறைந்தவை இன்னொரு பலவீனம். கிளிசராலுக்கு உறுப்புக் கூட்டல் சுமார் 231 டிகிரி தருகிறது. உண்மையில் அது கொதிப்பது 290 டிகிரியில். இங்கே பிழை எதிர்ப்பக்கம்: ஆவியழுத்தம் மிகையாக வரும். சுவாச வெளிப்பாட்டுக்கு அது பாதுகாப்பான பக்கம் என்று விட்டுவிடலாம். டொலுவீனில் வந்தது போன்ற குறைமதிப்பை அப்படி விட முடியாது. உப்புகள், அமினோ அமிலங்கள் போல இரு மின்னேற்றமும் தாங்கியவை, பாலிமர்கள், உலோகச் சேர்மங்கள், இயைபு நிலையாக இல்லாத கலவைகள் ஆகியவற்றுக்கு இந்த எண்ணை எடுக்கவே வேண்டாம். மென்பொருள் மறுக்காமல் ஏதோ ஒன்றைத் தந்துவிடும். எல்லை தாண்டிவிட்டோம் என்று உரக்க எச்சரிக்காது. எபி சூட்டின் மிகப் பெரிய குறை இதுவே என்பது எங்கள் கருத்து.

அந்த எச்சரிக்கையைத் தருவதில் ஓபெரா என்ற இன்னொரு கணிப்பு மென்பொருள் கைகொடுக்கும். அதுவும் இலவசம், திறந்த மூலம். ஒத்த அமைப்புள்ள அண்டைச் சேர்மங்களின் அளவீடுகளிலிருந்து ஆவியழுத்தத்தைக் கணித்து, நம் மூலக்கூறு அதன் எல்லைக்குள் இருக்கிறதா, நம்பகக் குறியீடு எவ்வளவு, அண்டைகள் யார் என்று கூடவே காட்டும். அண்டைப் பட்டியலைப் பாருங்கள்: பாஸ்பேட் எஸ்டருக்கு அண்டையாகச் சாதாரண ஆல்கஹால்கள் வந்திருந்தால் எண்ணை ஒதுக்கிவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது. எபி சூட்டின் உள்தரவும் ஓபெராவின் பயிற்சித் தரவும் பெரும்பாலும் பிஸ்ப்ராப் என்ற ஒரே பண்புத் தரவுக் களஞ்சியத்திலிருந்து வந்தவை. இரண்டும் ஒத்துப்போனால் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தக் களஞ்சியத்திலேயே சில மதிப்புகள் அதிக வெப்பநிலை அளவீட்டிலிருந்து நீட்டித்து எடுத்தவை.

வெப்பநிலை பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான அறிக்கையில் வரும் எண் 25 டிகிரிக்கானது. டொலுவீன் 40 டிகிரியில் சுமார் 7900 பாஸ்கல். 50ஐத் தொட்டால் 12,000ஐத் தாண்டி, டி.ஆர்.ஏ.வில் 10,000க்கு மேலான உயர் வகுப்புக்குப் போய்விடும். சென்னையில் மே மாதக் கொட்டகைக்கும் சூடாக்கிய தொட்டிக்கும் 25 டிகிரி எண் பொருந்தாது.

எதற்கு நம்பலாம்? ஆவியழுத்தம் 0.00001 பாஸ்கலுக்கும் கீழே வெகு தூரத்தில் விழும் பொருளுக்கு அளவீடு தேவையில்லை என்று காட்டவும், எந்த அளவீட்டு முறையைத் தேர்வது என்று முடிவு செய்யவும் எபி சூட் தாராளமாகப் போதும், ஓ.இ.சி.டி. நெறியே கணிப்புக்கு அந்த இடத்தைத் தருகிறது. வேதிப்பொருள்களைப் பதிவு செய்வதற்கான ஐரோப்பாவின் ரீச் விதியில் உருகுநிலை 300 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்; 200க்கும் 300க்கும் இடையில் என்றால், அளந்தோ ஏற்கப்பட்ட கணிப்பு முறையிலோ எடுத்த எல்லை மதிப்பு போதும். அளந்த கொதிநிலை கையில் இருக்கும் சாதாரண கரைப்பான்களுக்கும் நல்ல பலன் தரும். 0.01, 500, 10,000 பாஸ்கல் எல்லைகளுக்குப் பக்கத்தில் வந்தால் மேல் வகுப்பை எடுத்துக் கணக்கை முடியுங்கள், அல்லது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கோப்பில் வைக்க வேண்டியது வெறும் எண் அல்ல. பதிப்பு, கொடுத்த ஸ்மைல்ஸ், எடுத்த கொதிநிலையும் உருகுநிலையும் அவற்றின் மூலமும், மூன்று முறைகளின் மதிப்புகள், அலகு. கடைசியாகச் சொன்ன அலகில்தான் பலர் வழுக்குகிறார்கள்: ஒரு மி.மீ. பாதரசம் 133.3 பாஸ்கல். அறிக்கை இரண்டையும் அடுத்தடுத்துத் தருகிறது. தவறான வரியைப் படியெடுத்தால் பிழை நூறு மடங்கைத் தாண்டும்.