எம்.எல்.ரி. படிக்க வன்னிப் பிள்ளைக்கு எந்த வழி: பல்கலைக்கழகமா, அமைச்சின் பயிற்சியா, தனியாரா?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பயோ பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மெடிசினுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) காணாது, இனி என்ன செய்வது? திரும்ப எடுப்பதா, நேர்சிங்கா, எம்.எல்.ரி.யா? எம்.எல்.ரி., அதாவது இரத்தம், சிறுநீர் போன்றவற்றைச் சோதிக்கிற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம், என்று முடிவெடுத்த வீட்டிலும் குழப்பம் தீர்வதில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது, சுகாதார அமைச்சின் இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது, ரவுணில் பதாகை கட்டியிருக்கும் தனியார் டிப்ளோமாக்களும் இருக்கின்றன. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, முதலில் கூப்பிடுகிற இடத்தில் காசைக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் பார்க்கவேண்டியது, படித்து முடித்தால் இலங்கை மருத்துவ சபையில் பதிய முடியுமா என்பது. வைத்தியர்களைப் பதிகிற அதே சபைதான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரையும் பதிகிறது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அரச வைத்தியசாலைப் பதவி இல்லை. தனியார் ஆய்வுகூடத்தில் ஒரு மூலையில் வேலை கிடைக்கலாம், ஆனால் அறிக்கையில் உரிமையோடு கையெழுத்துப் போட முடியாது. கட்டணம், காலம், தூரம் எல்லாவற்றையும் இதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பட்டப்படிப்பை எடுத்துக்கொள்வோம். எங்களுக்குக் கிட்டியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகியவற்றிலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் இந்தப் படிப்பு இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருந்தாலும் இது அங்கேயும் இல்லை. ஆக, வன்னிக்குள் இருந்துகொண்டு இந்தப் பட்டம் எடுக்க வழியில்லை.

எங்கள் பிள்ளைகள் சரியாகக் கணக்கில் எடுக்காத விஷயம் மாவட்டக் கோட்டா. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. கொழும்புப் பிள்ளைக்கு இடம் கிடைக்காத புள்ளியில் முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம். ‘எனக்கு எங்கே கிடைக்கப் போகுது’ என்று நீங்களாகவே கைவிட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூட விஞ்ஞானமும் தனித்தனி விருப்பமாகத்தான் போகும். யாழ்ப்பாணத்தை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பேராதனையையும் ருகுணுவையும் போடுவதில் ஒரு சதமும் நட்டமில்லை.

பட்டத்தின் பலம் அகலம். உயிர் இரசாயனம், இரத்தவியல், நுண்ணுயிரியல், திசுநோயியல் எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்கலாம், ஆய்வும் செய்யவேண்டும். மேற்படிப்புக்கும் விரிவுரையாளர் வேலைக்கும் கதவு திறக்கும். வெளிநாட்டில் உறவுகள் இருக்கிற குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: இங்கிலாந்தில் பயோமெடிக்கல் சயன்ரிஸ்ட் ஆகப் பதிவதென்றால் பட்ட அளவிலான தகுதியைத்தான் எதிர்பார்ப்பார்கள். பலவீனம் காலம். பெறுபேற்றுக்குப் பிறகு அனுமதிக்குக் காத்திருப்பது, நான்கு வருடம், அதற்குப் பிறகு நியமனத்துக்குக் காத்திருப்பது என்று இருபதுகளின் பெரும்பகுதி போய்விடும்.

அமைச்சின் பயிற்சிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஆகக் குறைவாக அறியப்பட்ட வழி இதுதான் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் பேராதனையிலும் இதற்கான பாடசாலைகள் இருக்கின்றன. விண்ணப்பம் வர்த்தமானியில் கோருவார்கள். கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. ஆட்களை எடுப்பதே அரச வைத்தியசாலைகளின் வெற்றிடங்களை நிரப்பத்தான். படித்துவிட்டு வேலை தேடி அலைகிற கட்டம் பெரும்பாலும் இல்லை. பதிலுக்கு, குறித்த காலம் அரச சேவையில் இருப்பேன் என்று ஒப்பந்தம் வைக்கவேண்டும், முதல் நியமனம் நாட்டில் எங்கேயும் விழலாம்.

அப்பா இல்லாத வீடு, அல்லது வயல் கூலியை நம்பி இருக்கும் வீடு என்றால் என் தெரிவு யோசிக்காமல் இதுதான். பிள்ளை இரண்டு வருடத்தில் சம்பளத்துக்கு வந்துவிடும். தம்பி தங்கைச்சிமாரின் படிப்பு தப்பும். அரச ஆய்வுகூடப் பதவி என்று வரும்போது பட்டதாரியும் அமைச்சின் பயிற்சி முடித்த டிப்ளோமாக்காரரும் அதே மேசையில் அதே சாம்பிளைத்தான் பார்க்கிறார்கள். பட்டத்துக்கான புள்ளியும் இருந்து, வீடும் தாக்குப்பிடிக்கும் என்றால் பட்டத்துக்குப் போங்கள். ஆனால் மெடிசின் ஆசையில் மூன்றாம் முறையும் எழுதிப் பார்ப்பதற்காக அமைச்சின் பயிற்சி அழைப்பைத் தவறவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கஷ்டமும் இருக்கிறது. படிப்பு ஆங்கிலத்தில், சுற்றுவட்டாரம் சிங்களத்தில். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் நெஞ்சடைக்கும். யாழ்ப்பாணம் போனாலும் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் விடுதியிலும் கன்ரீனிலும் தமிழ் பேசலாம், அது பெரிய ஆறுதல். பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ரியூசன் இல்லாமல் சும்மா இருக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு பேச்சுச் சிங்களத்தையும் படித்தால் எந்த வழிக்குப் போனாலும் உதவும்.

தனியார் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடன்பட்டும் நகை அடகு வைத்தும் சேருவது இங்கேதான். எல்லாத் தனியார் படிப்பும் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘அரசாங்கப் பதிவு உண்டு’ என்று சொல்லும்போது எந்தப் பதிவு என்று கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கலாம், சான்றிதழுக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டமும் இருக்கலாம். அவை நல்ல விஷயங்கள்தான், ஆனால் மருத்துவ சபைப் பதிவு வேறு. ‘வெளிநாட்டு டிப்ளோமா’ என்பதும் அப்படித்தான். இந்தப் படிப்பை முடித்த யாராவது எம்.எல்.ரி. ஆக மருத்துவ சபையில் பதிந்திருக்கிறார்களா, எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள். வாயால் சொல்வதோடு நின்றால் எழும்பி வந்துவிடுங்கள். மருத்துவ சபையிடமே நேரே விசாரிக்கவும் முடியும். இதைக் கேட்காமல் சேர்ந்து, காசெல்லாம் கட்டி முடித்த பிறகு இரத்தம் எடுக்கிற வேலைக்கு மட்டும் போய்ச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கெட்டித்தனம் குறைவில்லை, நேரத்துக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

பயிற்சியின் தரத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு வேலையையே காட்டுகிறேன். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினினோடு அவர்களுக்குப் பொட்டாசியமும் பார்ப்போம். மெல்லிய ஊசியால் சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, ரியூப்பைப் போட்டுக் குலுக்கினாலோ செங்குழியங்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். அளவு உள்ளதைவிடக் கூடக் காட்டும். சென்றிபியூஜில் சுற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்கவேண்டிய சீரம் (இரத்தத்தில் மேலே பிரிந்து நிற்கும் திரவம்) இளஞ்சிவப்பாக நிற்கும். மெஷின் அதற்கும் ஒரு இலக்கம் தரும். அந்த நிறத்தைக் கண்டதும் பெறுபேற்றை நிறுத்திவிட்டு ‘இன்னொரு சாம்பிள் அனுப்புங்கள்’ என்று வார்டுக்குச் சொல்லத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் இல்லாத ஆபத்துக்கு மருந்து போகும்.

புடையன் பாம்பு கடித்து வயலில் இருந்து தூக்கிவரும் ஆளுக்குச் செய்கிற சோதனையும் அப்படித்தான். இரண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைக் காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். வார்டிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனைதான். ஆனால் கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாய் என்றால், அல்லது சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். இந்தக் காரணங்களை, செய்து பார்த்துப் படிக்கிற இடத்தில்தான் படிக்கவேண்டும். அமைச்சின் பயிற்சியிலும் பல்கலைக்கழகத்திலும் அதற்கு ஆய்வுகூடமும் வைத்தியசாலையும் இருக்கின்றன. தனியார் நிறுவனம் என்றால் எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம் செய்முறைப் பயிற்சி என்று கேளுங்கள். சனி, ஞாயிறு வகுப்பு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

திறந்த பல்கலைக்கழகத்திலும் இந்தப் பட்டம் உண்டு. வேலை செய்துகொண்டு படிக்க நினைப்பவர்கள் விசாரிக்கலாம். செய்முறை வகுப்புகள் எந்த நிலையத்தில் என்று கேட்டு, போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேருங்கள். இந்தியாவுக்குப் போய்ப் படிப்பது பற்றியும் கேட்கிறார்கள். திரும்பி வந்து பதிய முடியுமா என்பதை மருத்துவ சபையிடம் கேட்டுவிட்டுத்தான் பயணச்சீட்டு.

பொம்பிளைப் பிள்ளையைப் பொரளைக்கு எப்படித் தனியே விடுவது என்று கேட்கும் அம்மாமாருக்கு: பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதே பிள்ளையைப் பக்கத்து ரவுணில் பதிவில்லாத படிப்புக்கு அனுப்புவது பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். ஏற்கெனவே போய்ப் படித்த பிள்ளைகள் உங்கள் மாவட்ட வைத்தியசாலை ஆய்வுகூடத்திலேயே வேலை செய்கிறார்கள். ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு கதையுங்கள். எங்கே தங்கினார்கள், சாப்பாடு எப்படி, மொழிக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களைவிட நன்றாக யாரும் சொல்லமாட்டார்கள்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வரும், இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம். அமைச்சின் பயிற்சிக்கான அறிவித்தல் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வருவதில்லை. அதனால் பெறுபேறு வந்த வாரத்தில் இருந்தே ஒவ்வொரு வெள்ளியும் பாருங்கள். எந்த வருட உயர்தரம், எத்தனை சித்தி, சாதாரணதரத்தில் என்ன என்பதெல்லாம் அந்த அறிவித்தலிலேயே இருக்கும். போன முறை அக்கா போட்ட விண்ணப்பத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பெறுபேற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதிகளை இப்போதே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.