மடையானை யாரிடம் கேட்பது? மெர்லின், புத்தகம், பெரியப்பா

தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வரப்பில் காலையில் அரைமணி நேரம் நடந்தாலே 15, 20 வகைப் பறவைகள் கண்ணில் படும். காக்கை, மைனா, கொக்கு போக மீதியெல்லாம் எனக்கு ரொம்ப நாள் ‘ஏதோ குருவி’தான். அவற்றின் பெயரைத் தெரிந்துகொள்ள மூன்று பேரிடம் போனேன்: கைபேசியில் மெர்லின், அலமாரியில் பறவையியலாளர் சாலிம் அலியின் புத்தகம், திண்ணையில் பெரியப்பா.

மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் செயலி. நம் வட்டாரத்துக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத வயலிலும் ஓடும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், படத்தைக் காட்டினாலும் சொல்லும். இரண்டும் இல்லையா? எங்கே, எப்போது, எவ்வளவு பெரிசு, என்ன நிறம், என்ன செய்தது என்று 5 கேள்வி கேட்டுவிட்டுப் பட்டியலை நீட்டும். பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் பலரும் பதிந்த கணக்கை வைத்து, இந்த ஊரில் இந்த மாதம் எது இருக்கும் என்று பார்த்தே அது சொல்வதால், குளிர்காலத்தில் வரும் தகைவிலானை ஜூனில் முன்னால் நிறுத்தாது. புத்தகத்தில் இந்த வசதி கிடையாது. அதில் காஷ்மீரும் கன்னியாகுமரியும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

ஆனால் அளவு விஷயத்தில் புத்தகம்தான் நம்ம ஆள். மெர்லின் ‘ராபின் அளவா?’ என்று கேட்கும். அது அமெரிக்க ராபின். நாம் மைனா என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1941இல் முதலில் வந்த சாலிம் அலியின் நூலோ சிட்டுக்குருவி, மைனா, காக்கை என்று நமக்குப் பழகியவற்றை வைத்தே அளக்கிறது. புத்தகத்தின் இன்னொரு நல்ல குணம், தேடாததையும் காட்டும். எங்கள் வேப்பமரத்தில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பறவை வரும். அதை வேறு ஏதோ இனம் என்றே நினைத்திருந்தேன். எதையோ தேடிப் பக்கம் புரட்டும்போதுதான் அது பெட்டைக்குயில் என்று தெரிந்தது. கறுப்பாக இருப்பதும் ‘குக்கூ’ என்று கூவுவதும் ஆண். மெர்லினிலும் பெட்டையின் படம் உண்டு, ஆனால் குயில் என்று தெரிந்து உள்ளே போனால்தானே!

குரலைக் கேட்டுப் பெயர் சொல்வதுதான் மெர்லினில் எல்லோருக்கும் பிடித்தது. முதல் மாதம் அதைத் தொடாதீர்கள் என்பேன். திரையில் பெயர் ஒவ்வொன்றாக மின்ன, கண் மரத்தைவிட்டுக் கைபேசிக்கு வந்துவிடும். போதாததற்கு, கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவி வல்லூறு மாதிரியே குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு மிரண்டு மைனா ஓடினால் அதன் இரையைத் தட்டிப் பறிக்கும். மைனாவே ஏமாறுகிற இடத்தில் செயலியை நம்பி என்ன ஆகப்போகிறது?

சரி, பெரியப்பா. அவருக்கு இறகுக் கோடு, அலகு வளைவு எல்லாம் தெரியாது. ஆனால் பறவை என்ன செய்யும் என்று தெரியும். வயலில் நின்ற கொக்கு மாதிரி ஒரு பறவையைக் காட்டிக் கேட்டேன். “அது மடையான்டா. கண்ணு தெரியாத மாதிரி அப்படியே நிக்கும். கிட்டப் போ, வெள்ளையா எந்திரிச்சிப் போவும்” என்றார். சிலர் அதைக் குருட்டுக்கொக்கு என்பதும் இதனால்தான். மெர்லினிடம் என்ன நிறம் சொல்வீர்கள்? நிற்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை. எதைச் சொல்கிறோமோ அதைப் பொறுத்துப் பட்டியலும் மாறும். பெரியப்பாவின் ஒரு வரி அந்தச் சிக்கலை முதலிலேயே அவிழ்த்துவிடுகிறது.

கரிச்சான் காக்கையைத் துரத்தித் துரத்திக் கொத்துவதையும் அவர்தான் காட்டினார். திருவிளையாடல் புராணத்தில் காக்கைகளிடம் கொத்துப்பட்ட கரிக்குருவி, அதாவது இதே கரிச்சான், சிவனிடம் உபதேசம் பெற்று வலிமையுள்ள ‘வலியான்’ ஆன கதையைச் சொன்னது யாரோ, அவரும் இப்படி ஒரு வரப்பில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பெரியப்பாவிடம் குறை இல்லாமல் இல்லை. கதிர்க்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு எல்லாமே அவருக்குச் சிட்டுதான். வட்டமிடுவதெல்லாம் பருந்து. அவர் செம்போத்து என்பதை இன்னொரு மாவட்டத்தில் செண்பகம் என்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகத்தில் தேட முடியாது.

என் வரிசை இதுதான்: காலையில் பெரியப்பாவோடு போய், அவர் சொல்லும் பெயரையும் பறவை செய்ததையும் எழுதிக்கொள்வது. வீட்டுக்கு வந்து மெர்லினின் 5 கேள்வி. 30 பறவை தெரிந்த பிறகு புத்தகம். ஊரில் சொல்லித்தர யாரும் இல்லாதவர்களுக்கு மெர்லினே முதல், வேறு வழியில்லை. பைனாகுலர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாங்கினால் 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 போதும், 10 மடங்கு காட்டும் 10×42ஐவிடக் கை ஆட்டம் குறைவாகத் தெரியும்.

பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை இ-பேர்டில் ஏற்றினால் போதும். இந்த முறை பெரியப்பா பார்த்துச் சொல்வார், நான் தட்டப்போகிறேன்.