தேங்காய் எண்ணெயா, சீரமா? முடிக்கு எது எப்போது?

தலைக்குக் குளித்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் முடி பிசுபிசுக்கும். குளிக்கும் முன் சீரம் (முடியைப் பளபளப்பாக்கத் தடவும் திரவம்) தடவினால் அதில் பெரும்பகுதி ஷாம்புவோடு போய்விடும். இரண்டில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் இந்த நேரக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, வளைவில்லாதது. அதனால் முடித்தண்டுக்குள் இறங்கிவிடுகிறது. குளிக்கும்போது முடி நீரை உறிஞ்சி உப்புகிறது, உலரும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடந்து முடி நலிகிறது. உள்ளே இறங்கிய எண்ணெய் அந்த உப்பலைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான இந்திய ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

எண்ணெய் தோற்கும் இடமும் உண்டு. பொடுகுக்குக் காரணமான மலசேசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க உச்சந்தலையில் எண்ணெயை ஊறவிடுவது அதற்குத் தீனி போடுவதுதான். அவர்கள் முடியின் நீளத்துக்கு மட்டும் தடவி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடலாம்.

சீரத்தின் வேலை முழுக்க வெளிப்புறத்தில். புட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் சைக்ளோபென்டாசிலாக்சேன், டைமெத்திகோனால் போன்ற சிலிக்கோன்கள்தான் முதலில் இருக்கும். முன்னது ஆவியாகிவிடும், பின்னது மெல்லிய படலமாக முடிமேல் தங்கும். சீப்பு சிக்காமல் இறங்கும், பளபளப்பு வரும், சென்னை போன்ற ஊரின் ஈரக்காற்றிலும் முடி அவ்வளவாகப் பறக்காது. சாயம் போட்ட முடியிலும் ஸ்ட்ரெய்ட்னர் பட்ட முடியிலும் மேற்பரப்பின் இயற்கைக் கொழுப்பு தேய்ந்திருக்கும். ஒன்றோடொன்று உரசியே முடி அறுந்துபோகும். அங்கே சீரத்தின் உதவி பெரியது, எண்ணெயால் அதை ஈடுசெய்ய முடியாது. ஆனால் வெடித்த நுனியைச் சீரம் குணப்படுத்தும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். நுனி படிந்ததுபோல் தெரிவது அடுத்த குளியல் வரைதான்; வெட்டிவிடுவதே வழி.

தோள்வரை உள்ள முடிக்கு இரண்டு மூன்று துளி சீரம் போதும். துவட்டிய ஈர முடியில், காதுக்குக் கீழிருந்து நுனி வரை. உச்சந்தலையில் வேண்டாம்.

சைக்ளோபென்டாசிலாக்சேன் சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாது என்பதால் கழுவிவிடும் அழகுப் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. இது மனதை உறுத்தினால், அது இல்லாத சீரங்களும் கிடைக்கின்றன.

ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால், சாயமும் சூடும் படாத நீள முடிக்கு எண்ணெயையே சொல்வேன். சாயம் போட்டவர்களும் அடிக்கடி சூடு வைப்பவர்களும் சீரத்தை வாங்கட்டும். இரண்டும் இருந்தால் குளிக்கும் முன் எண்ணெய், பின் சீரம்.

முடி உதிர்வுக்கென்று உச்சந்தலையில் விடும் சீரம் இந்தப் போட்டியிலேயே சேராது. அதில் மினாக்சிடில் இருந்தால் அது மருந்து: தோல் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.