கூகுளில் முதல் பக்கம் என்று சொல்லி 48,000 ரூபாய்: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

48,000 ரூபாய் போச்சு. ஏற்காட்டில் ஹோம்ஸ்டே, காபித்தூள், மிளகு என்று ஏதாவது நடத்திக்கொண்டு, வெப்சைட்டுக்கு ஆள் வரவில்லையே என்று யோசிப்பவர்கள் எங்கேயும் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம் வரை பொறுமையாகத்தான் இருந்தேன். இனி முடியாது.

சேலம் டவுனுக்குள் மாடியில் இயங்கும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ். பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் பெரிய டிவி, அதில் பச்சைக் கோடு மேலே மேலே ஏறும் கிராஃப். பொங்கல் முடிந்து காபிப் பழம் பறிப்பு ஓய்கிற நேரம். நானும் மனைவியும் போயிருந்தோம்.

பேசிய பையன் அவ்வளவு மரியாதை. "அண்ணா, போன்ல என்னென்ன வீடியோ வெச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றான். பல்பரில் பழம் போட்டுத் தோல் உரிப்பது, களத்தில் கொட்டை காய வைப்பது என்று இருந்ததையெல்லாம் காட்டினேன். விருந்தாளிகளுக்கு என் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டினேன். "இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குங்க, குழந்தைக்கு வாந்தி வரும்னா வயிறு முட்டச் சாப்பிடக் குடுக்காதீங்க. கிளியூர் அருவிக்கு இறங்கறது சுலபம், திரும்பி ஏறறதுதான் கஷ்டம், முட்டி வலி இருக்கறவங்க மேலயே இருந்துக்கட்டும்" என்று அவள் பாட்டுக்குச் சொல்லுவாள். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதெல்லாம் நெட்டுல எங்கயும் இல்லண்ணா! அக்கா பேசறதையே கட்டுரை, ஷார்ட்ஸ், கேள்வி பதில்னு பல விதமா மாத்திப் போடலாம். நீங்க புதுசா ஒண்ணும் எழுதவே வேண்டாம். மூணு மாசத்துல கூகுள்ல முதல் பக்கம், கேரண்டி."

அவன் சொன்ன வழி சரியான வழிதான், அதுதான் எரிச்சல். நம் கையில் இருக்கும் சரக்கை வேறு வேறு வடிவத்தில் போடுவதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். வீடியோவில் பேசியது எழுத்தில் வந்தால், தேடுபவர் கண்ணில் பட இன்னொரு வழி. மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே 30,000 ஜிபே செய்தேன். எல்லா வீடியோவையும் பென் டிரைவில் ஏற்றி, கவரில் போட்டு, மேலே எங்கள் பெயரை அவளே எழுதி ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். கட்டுரைகள் வரத் தொடங்கியதும் மீதி 18,000. ஆக 48,000.

கட்டுரைகள் குவிந்தன. மாதாமாதம் பச்சை அம்புக்குறி போட்ட ரிப்போர்ட்டும் வந்தது. எங்கள் ஹோம்ஸ்டே பெயரைத் தேடினால் நாங்கள்தான் முதலிடமாம். எங்கள் பெயரை எங்களைத் தெரியாதவன் எதற்குத் தேடப் போகிறான்?

அப்புறம் புதுச்சேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மலை ரயிலுக்கு டிக்கெட் நீங்களே எடுத்துத் தருவீங்களா, பசங்க ஆசைப்படறாங்க." ஏற்காட்டில் ஏதய்யா ரயில்! சேலம் ஜங்ஷனில் இறங்கி பஸ்ஸோ காரோ பிடித்துத்தான் மேலே வர வேண்டும். அவர் லிங்க் அனுப்பினார். எங்கள் சைட்டேதான். யாரோ எழுதிய ஊட்டிக் கட்டுரையை எடுத்து, ஊட்டி என்று இருந்த இடத்திலெல்லாம் ஏற்காடு என்று மாற்றியிருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற ரயில், தொட்டபெட்டா சிகரம், 2,240 மீட்டர் உயரம், எல்லாம் அப்படியே இருக்கிறது. எங்கள் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியே சுமார் 1,600 மீட்டர்தான்.

அடுத்து பெங்களூருக்காரர் ஒருவரிடமிருந்து மெயில். அவர் ஏற்காடு காபி பற்றி எழுதியதை வாக்கியங்களை முன்பின்னாக மாற்றி எங்கள் சைட்டில் போட்டிருக்கிறார்கள். படமும் அவருடையது. ஓரத்தில் இருந்த அவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள், அதையாவது ஒழுங்காக வெட்டினார்களா? கடைசி இரண்டு எழுத்து அப்படியே தெரிகிறது. எடுக்காவிட்டால் காப்பிரைட் புகார் என்று எழுதியிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்தது நான்.

சரியாக மே மாதம், கோடை விழா சமயம், தேடல் வழியாக வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஆளும் நின்றுபோனது. அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். நம் சைட் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், ஸ்பாம் விதியை மீறியதாகக் கூகுளிடமிருந்து நோட்டீஸ். அடுத்தவர் எழுதியதை ஒப்புக்குச் சொல் மாற்றிப் போடுவது முன்பிருந்தே விதிமீறல். 2024 மார்ச்சில் இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஆள் எழுதினாலும் சரி, ஏ.ஐ. எழுதினாலும் சரி, தேடலில் ஏறுவதற்காகவே பயனில்லாத பக்கங்களைக் குவித்தால் நடவடிக்கை. இதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா?

போன் செய்தேன். "அல்காரிதம் அப்டேட் சார், எல்லாருக்குமே டவுன்." அதற்குள் அண்ணா போய் சார் ஆகிவிட்டேன். அடுத்த தடவை, கன்டென்ட் டீம் கோயம்புத்தூரில் இருக்கிறதாம். அதற்கடுத்து, டீம் லீடர் மீட்டிங்கில். மலையிறங்கி நேரில் போனால், "மேனேஜர் இப்பத்தான் சார் கிளம்பினார்" என்றது ரிசப்ஷனில் இருந்த பெண். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் டிபன் பாக்ஸைத் திறப்பது எனக்குத் தெரிகிறது!

நேற்று மேனேஜரே பேசினார். ரெக்கவரி பேக்கேஜ் என்று ஒன்று இருக்கிறதாம், இன்னும் 25,000 கட்டினால் சைட்டைச் சரிசெய்து தருவார்களாம். 48,000-ஐ வாங்கிக் கெடுத்ததைச் சரிசெய்ய 25,000. பென் டிரைவையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதே கவர், மேலே மனைவி கையெழுத்து. ஸ்டேப்ளர் பின்னைக்கூட யாரும் எடுக்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. முதலிடம் கேரண்டி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. டொமைன் (அதாவது வெப்சைட் முகவரி), சர்ச் கன்சோல் இரண்டும் உங்கள் மெயிலில் இருக்கட்டும். அவர்கள் தரும் கட்டுரையில் ஏதாவது ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள், எங்கே சுட்டது என்று வந்துவிடும். என்ன எழுதுவார்கள், எதை வைத்து எழுதுவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒற்றை வரிதான். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. திங்கட்கிழமை அங்கேதான் பேசப் போகிறேன்.