பழுது நீங்கி வந்த 100-400 லென்ஸ்: ஐந்து பனிக்காலப் பந்தயங்களும் ஒரு சுவிட்சும்

சென்ற வாரம் என்னுடைய 100-400 லென்ஸ் (100 முதல் 400 மி.மீ. வரை ஜூம் செய்து, தொலைவில் இருப்பவற்றைக் கிட்டத்தில் காட்டும் கேமரா லென்ஸ்) பழுதுபார்க்கும் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், பனிச்சறுக்குப் பந்தயங்களைப் படமெடுக்க இதே லென்ஸை வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐந்து பனிக்காலங்களாகச் சேர்ந்திருந்த எரிச்சல் அதை நீட்டிவிட்டது. எடை, ஒளி நுழையும் துளையின் அளவு போன்ற விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் லென்ஸின் இடப்பக்கத்தில் இருக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சுவிட்சைப் பற்றியது.

அருகில் இருப்பவற்றை ஒதுக்கிவிட்டுத் தொலைவில் மட்டும் ஃபோகஸைத் தேடும்படி லென்ஸுக்குக் கட்டளையிடுவது அந்தச் சுவிட்சின் வேலை. வேறு எந்த விளையாட்டைப் படமெடுத்தாலும் அதை மறந்துவிடலாம். பனிச்சறுக்குப் பந்தயத்தில் முடியாது. அனுமதி அட்டை பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் காலணியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு, பந்தயப் பாதையின் ஓரமாகக் கட்டிய பாதுகாப்பு வலைக்கு உட்புறம் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் நிற்பார்கள். சீட்டு வாங்கிச் செல்லும் நம்மைப் போன்றவர்களுக்கு வலைக்கு வெளியேதான் இடம். இந்த லென்ஸ் எனக்குத் தந்த எதிர்பாராத மகிழ்ச்சியும் இங்கேதான் இருக்கிறது. வலையை ஒட்டி நின்று, ஜூமை 400-இல் வைத்து, துளையை முழுவதும் திறந்து, தொலைவில் வரும் வீரர்மீது ஃபோகஸ் வைத்தால், வலை மெல்லிய புகைபோலக் கரைந்து, படத்தில் அது இருந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. ஆனால் ஆட்டோஃபோகஸுக்கு வலையின்மேல் தீராத ஆசை. அந்த ஆசையை அடக்கி வைப்பது இந்தச் சுவிட்ச் ஒன்றுதான்; அதுவோ பையிலிருந்து லென்ஸை எடுக்கும் ஒவ்வொரு முறையும் துணியில் உரசி, ஓசையே இல்லாமல் இடம் மாறிவிடுகிறது.

2024 ஜனவரி 13 அன்று சுவிட்சர்லாந்தின் வெங்கனில் லாபர்ஹார்ன் டவுன்ஹில் பந்தயம், அதாவது சரிவில் முழு வேகத்தில் இறங்கும் பனிச்சறுக்குப் போட்டி. ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைதான் பனிச்சறுக்கு உலகக் கோப்பையின் டவுன்ஹில் பந்தயங்களிலேயே நீளமானது; வீரர்கள் இரண்டரை நிமிடம் வரை சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். கார்கள் இல்லாத அந்த ஊருக்குப் பற்சக்கர ரயிலில் ஏறி, மேலும் நடந்து, ஹுண்ட்ஷோஃப் பாறைத் தாவலைப் பார்க்கும்படியான ஓர் இடத்தை விடியற்காலையிலேயே பிடித்து, கால்விரல்கள் மரத்துப்போக நான்கு மணிநேரம் காத்திருந்தேன். அன்று வென்ற சுவிட்சர்லாந்து வீரர் மார்கோ ஓடர்மாட் அந்த விளிம்பிலிருந்து காற்றில் எழுந்தபோது ஷட்டரை அழுத்தினேன். பதினெட்டுப் படங்கள் பதிவாயின. பதினெட்டிலும் வலையின் முடிச்சுகள் மிகத் துல்லியமாக விழுந்திருந்தன, அந்த நைலான் இழைகளின் முறுக்கைக்கூட எண்ணலாம். சற்றுமுன் தேநீர் குடிப்பதற்காக லென்ஸைப் பையில் வைத்து எடுத்திருந்தேன். இடையில் சுவிட்ச் நகர்ந்திருந்தது.

இந்தப் பந்தயத்தில் தவறவிட்டதை மறுபடி எடுக்க வாய்ப்பே இல்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறார். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு வீரர் கண்ணுக்குத் தெரிவது மூன்று நான்கு நொடிகள்தான். டவுன்ஹில்லில் இரண்டாம் சுற்றும் கிடையாது. கேட் எனப்படும் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஜெயண்ட் ஸ்லாலமும் ஸ்லாலமும் சற்றுக் கருணை உள்ளவை: முதல் சுற்றில் முன்னணியில் வந்த முப்பது பேர் தலைகீழ் வரிசையில் மீண்டும் இறங்குவதால், முன்னணி வீரர் கடைசியில் வருவதற்குள் நம் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்தச் சுவிட்சால் எனக்கு ஒரு நல்ல பழக்கம் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பந்தயம் தொடங்குமுன் பாதையைச் சோதிக்கச் சிலர் முன்னோட்டமாக இறங்கி வருவார்கள். அவர்களைப் பார்வையாளர்கள் கண்டுகொள்வதில்லை. நான் அவர்கள் ஒவ்வொருவரையும் படமெடுத்து, ஃபோகஸ் எங்கே விழுகிறது என்பதையும், வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடாதபடி ஒளியளவைக் கூடுதலாக வைத்திருக்கிறேனா என்பதையும் சரிபார்த்துக்கொள்கிறேன். மேடு மறைக்கும் இடங்களில் வீரர் கண்ணில் படுவதற்கு முன்பே, உறைந்த பனியைச் சறுக்குப் பலகையின் விளிம்பு கீறும் ஓசை கேட்கும். அதைக் கேட்டதும் இடது கட்டைவிரல் தானாகச் சுவிட்சைத் தடவிப் பார்க்கிறது. தடித்த கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாது என்பது வேறு விஷயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்வது லென்ஸின் குற்றமன்று. உதிரி பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வைத்தால் போதும். சூடான அறைக்குள் நுழையுமுன் இறுக மூடிய பைக்குள் வைத்துவிட்டால் லென்ஸில் நீர் பூப்பதும் இல்லை. முன்குழல் நீளும் வகை என்பதால் அதன்மேல் விழும் பனித்துகளைத் துடைக்காமல் சுருக்கினால் ஈரம் உள்ளே போகும். என் சோம்பலால் ஜூம் வளையம் இறுகியது அப்படித்தான்.

அந்த வளையத்துக்காகத்தான் லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பினேன். அப்படியே சுவிட்சையும் இறுக்கித் தரும்படி கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். வளையம் புதிதுபோலச் சுழலும்படி திரும்பி வந்தது. சுவிட்சைப் பற்றி ரசீதில் ஒரே வரி: “இயல்பான நிலையில் உள்ளது.” பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தேன், அந்த இயல்பான சுவிட்ச் வழியிலேயே நகர்ந்திருந்தது. ஒட்டுநாடா போட்டுப் பார்க்கவில்லையா என்று நண்பர் கேட்பார். போட்டேன். கடுங்குளிரில் பசை பிடிப்பதில்லை. குளிர் குறைந்த நாளில் பிடித்த பசையோ கையுறையோடு வந்துவிடுகிறது.

இத்தனைக்கும், என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மூன்று பந்தயப் படங்களும் இந்த லென்ஸில் எடுத்தவையே. சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் நடக்கும் ஜெயண்ட் ஸ்லாலத்தின் இறுதிச் சரிவில், உடல் பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்து, பாதையில் தெளித்த நீலச் சாயக் கோட்டைத் தாண்டும் வீரரின் முகக்கண்ணாடியில் அடுத்த கேட் பிரதிபலிக்கும் படம் ஒன்று உண்டு. இந்த எடையில் அதைக் கையால் ஏந்தி எடுக்கத் தந்த வேறு லென்ஸை நான் பயன்படுத்தியதில்லை. கூர்மையிலும் நிறத்திலும் வேகத்திலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். மீறி வாங்கினால், முதல் நாளே அதைப் பையில் இருபது முறை வைத்து எடுத்து, சுவிட்ச் நகர்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நகர்ந்தாலும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடையதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு ஐந்து பனிக்காலங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது.